பணிக்குச் செல்லும் தாயும் குடும்பத்தின் கலந்தாலோசனையும்

பணிக்குச் செல்லும் தாயைக் குறித்து நம் மேடைகளில் நிகழும் உரையாடல் பெரும்பாலும் ஒரே வினாவைச் சுற்றியே அமைந்துவிடுகிறது. அவள் செல்லலாமா, கூடாதா என்பதே அவ்வினா. கடலூர் மாவட்டத்து முஸ்லிம் குடும்பங்கள் பல அதனைக் கடந்து நெடுநாளாகிவிட்டன. பரங்கிப்பேட்டை, லால்பேட்டை, நெல்லிக்குப்பம் முதலிய ஊர்களின் பெண்மக்கள் ஆசிரியைகளாகவும் செவிலியராகவும் அலுவலகப் பணியாளராகவும் கடலூருக்கும் சிதம்பரத்திற்கும் சென்று திரும்புகின்றனர். 1929இல் சிதம்பரத்தில் நிறுவப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகமும், 1979இல் அது தொடங்கிய தொலைநிலைக் கல்வியும் இம்மாற்றத்திற்கு வழிகோலிய காரணங்களுள் குறிப்பிடத்தக்கவை. மணமான பின்னரும் வீட்டிலிருந்தே பட்டம் பெற இயலும் என்ற நிலை அதனால் உருவாயிற்று.

ஆகவே இன்று நாம் ஆராய வேண்டியது இரண்டாம் வினாவாகும். தாய் வெளியே சென்றிருக்கும் வேளையில் வீட்டின் பொறுப்பு யாருடையது?

நாளின் கணக்கு

மத்திய அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய காலப் பயன்பாட்டு ஆய்வின்படி, இந்தியாவில் ஊதியமற்ற வீட்டுவேலையில் ஈடுபடும் பெண் அதற்கென நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களைச் செலவிட்டாள். அவ்வேலையில் ஈடுபடும் ஆண் செலவிட்டது 97 நிமிடங்கள். 2024ஆம் ஆண்டின் ஆய்வில் இவ்வெண்கள் முறையே 289, 88 என அமைந்தன. பெண்ணின் சுமை பத்து நிமிடம் குறைந்தது. ஆணின் பங்கும் ஒன்பது நிமிடம் குறைந்தது. அவள் இறக்கி வைத்ததை அவன் எடுத்துக்கொள்ளவில்லை என்பது இதனால் விளங்கும்.

கடலூருக்கும் சிதம்பரத்திற்கும் இடையே நாற்பது கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவு உண்டு. ஓர் ஊரில் வசித்து மற்றோர் ஊரில் பணியாற்றும் தாய்க்கு எட்டு மணிநேரப் பணியும் இரண்டரை மணிநேரப் பயணமும் உள்ளன எனக் கொள்வோம். மேற்சொன்ன சராசரி வீட்டுவேலையும் அவள்மீதே விழுமானால் பதினைந்து மணிநேரம் கடந்துவிடும். குழந்தையைப் பராமரிக்கும் நேரம் இக்கணக்கில் சேரவில்லை. உறக்கத்தையும் தொழுகையையும் மழலையையும் எஞ்சிய நேரத்தில்தான் அவள் பொருத்திக்கொள்ள வேண்டும். இதனை அவளுடைய திறமைக் குறைவு என்று கூறுதல் நீதியாகாது.

மறையின் வழிகாட்டல்

திருக்குர்ஆனில் கலந்தாலோசனை மூன்று இடங்களில் பேசப்படுகிறது. ஆல இம்ரான், அஷ்ஷூரா ஆகிய அத்தியாயங்களில் வருவன சமுதாயத்தின் பொதுக் காரியங்களைப் பற்றியவை. மூன்றாவது இடம் அல்பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனம். குழந்தையின் பால்குடி மறக்கச் செய்வதைப் பெற்றோர் இருவரும் மனமொப்பி, கலந்தாலோசித்து முடிவு செய்யலாம் என்று அது கூறுகிறது. ஆட்சிக்குச் சொல்லப்பட்ட நெறி, கைக்குழந்தையின் பசி குறித்தும் சொல்லப்பட்டிருப்பது சிந்திக்கத்தக்கது.

அதே வசனம், பாலூட்டும் தாயின் உணவையும் உடையையும் தந்தையின் பொறுப்பாக்குகிறது. குழந்தையின் பொருட்டுத் தாயோ தந்தையோ துன்புறுத்தப்படலாகாது என்கிறது. வேறொருத்தியைக் கொண்டு பாலூட்டுவிக்கவும் அனுமதிக்கிறது. இவ்வசனம் மணவிலக்குப் பெற்ற தாயைக் குறித்தது என விரிவுரையாளர் பலர் கொள்வர். அவ்வாறே கொண்டாலும், பிரிந்துவிட்ட இருவரே கலந்து பேச வேண்டுமெனில், ஒரு கூரையின்கீழ் வாழும் இருவர் பேசாதிருப்பதற்கு என்ன நியாயம் உண்டு? கணவன் வளைகுடா நாட்டிலோ சிங்கப்பூரிலோ இருப்பினும் இக்கடமை நீங்காது. பணம் அனுப்புவது நஃபகாவை நிறைவேற்றும், ஆலோசனையை நிறைவேற்றாது.

ஃபிக்ஹு கூறுவது

மனைவி செல்வம் உடையவளாயினும் அவளுடைய நஃபகா கணவனின் கடமையே. அவளது ஊதியம் அவளுக்கே உரிய சொத்து. இது நாம் அறிந்த சட்டம். வீட்டுவேலை பற்றிய சட்டமோ அதிகம் பேசப்படுவதில்லை. சமைத்தலும் துவைத்தலும் நிகாஹ் ஒப்பந்தத்தால் மனைவிமீது கடமையாவதில்லை என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலை. அவை மார்க்க ஒழுக்க அளவில் அவளது பொறுப்பு. ஆனால் நீதிமன்றம் கட்டாயப்படுத்தாது என்பது ஹனஃபீ அறிஞர்களின் விளக்கம்.

அஸ்மா பின்த் அபூபக்ர் (ரலி) அவர்கள் கணவரின் நிலத்திலிருந்து பேரீச்சங்கொட்டைகளைத் தலையில் சுமந்து, மூன்று கிலோமீட்டருக்கு மேல் நடந்து வந்த செய்தி புகாரீயில் உள்ளது. இதற்கு விளக்கம் எழுதிய இமாம் நவவீ (ரஹ்), இத்தகைய வேலைகள் மனைவி தானாக முன்வந்து செய்யும் நற்செயலே என்று குறிப்பிடுகிறார். பின்னர் அபூபக்ர் (ரலி) அவர்கள் குதிரையைப் பராமரிக்க ஒரு பணியாளரை அனுப்பினார்கள். மகளின் சுமையைக் கண்ட தந்தை அவளுக்குப் பொறுமையை மட்டும் உபதேசித்து நிற்கவில்லை; ஆள் அனுப்பினார்.

இல்லத்தில் நபி (ஸல்) அவர்கள் என்ன செய்வார்கள் என வினவப்பட்டபோது, குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள் என்றும், தொழுகை நேரம் வந்ததும் புறப்படுவார்கள் என்றும் அன்னை ஆயிஷா (ரலி) விடையளித்தார்கள். இல்லப்பணியில் ஈடுபடுவதை ஆண்மைக்கு இழுக்காகக் கருதும் வழக்கத்திற்கு இந்த சுன்னத்தில் இடமில்லை.

நம் ஊர்களில் தாய் பணிக்குச் சென்றால் குழந்தை பாட்டியிடம் வளர்கிறது. ஹளானா எனப்படும் பராமரிப்பு உரிமையில் தாய்க்கு அடுத்த இடம் தாயின் தாய்க்கு உண்டு என்பது உண்மை. மணமுறிவுக்குப் பிந்திய பராமரிப்பைப் பேசுமிடத்து, குழந்தைக்குச் சொத்து இல்லையெனில் அதற்கான கூலியைத் தந்தை தர வேண்டும் என்றும் நூல்கள் கூறுகின்றன. குழந்தை வளர்ப்பை மதிப்புள்ள உழைப்பாக நம் இமாம்கள் கணித்துள்ளனர். மூட்டுவலியோடு பேரனைத் தூக்கி நடக்கும் மூதாட்டியின் உழைப்பையும் அவ்வாறே கருத வேண்டும்.

சட்டமும் அதன் எல்லையும்

தமிழக அரசுப் பணியிலுள்ள பெண்களின் மகப்பேறு விடுப்பு 2011இல் ஆறு மாதமாகவும், 2016இல் ஒன்பது மாதமாகவும், 2021இல் பன்னிரண்டு மாதமாகவும் உயர்ந்தது. பிற நிறுவனங்களுக்கு, 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் 2017இல் திருத்தப்பட்டு, முதலிரு குழந்தைகளுக்கு 26 வாரம் ஊதியத்துடன் கூடிய விடுப்பு கிடைத்தது. ஐம்பது பேர் பணியாற்றும் நிறுவனம் குழந்தைகள் காப்பகம் அமைக்க வேண்டும்; தாய் நாளொன்றுக்கு நான்கு முறை அங்குச் சென்றுவர அனுமதிக்க வேண்டும். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இவ்விதிகள் இடம்பெற்றுள்ளன.

எனினும் ஐம்பதுக்குக் குறைவானோர் பணியாற்றும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் காப்பகக் கடமை இல்லை. நாம் நடத்தும் மழலையர் பள்ளிகளும் பெண்கள் அரபிக் கல்லூரிகளும் பல இவ்வகையிலேயே அடங்கும். தாய்மையின் சிறப்பைப் பாடமாக நடத்தும் ஆலிமா, தன் குழந்தையைத் தொட்டிலிட ஒரு மூலையின்றித் தவிப்பாளாயின் அப்பாடத்தின் பொருள் என்ன? சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்தில் நம் மார்க்கம் பேசத்தான் வேண்டும்.

மஹல்லாவின் பங்கு

மக்தப் வகுப்புகள் பெரும்பாலும் காலையிலும் மாலையிலும் நிகழ்கின்றன. இடைப்பட்ட நேரத்தில் பூட்டிக் கிடக்கும் கட்டடத்தை, நம்பிக்கைக்குரிய இரு பெண்களை ஊதியத்துக்கு அமர்த்திக் குழந்தைகள் காப்பகமாக்குதல் ஜமாஅத்துக்கு இயலாத காரியமன்று. அங்கன்வாடியில் சேரும் வயதை எட்டாத கைக்குழந்தைகளுக்கே இத்தேவை மிகுதி.

தொழுகையை நீட்டித் தொழ எண்ணிய நபி (ஸல்) அவர்கள், குழந்தையின் அழுகுரல் கேட்டதும் தாயின் கலக்கத்தை உணர்ந்து அதனைச் சுருக்கிக்கொண்டதாக நபிமொழி அறிவிக்கிறது. அன்று ஒரு தாயின் மனத்திற்காக ஜமாஅத் முழுவதன் தொழுகையே சுருக்கப்பட்டது. நம் பள்ளியின் மணியும் அலுவலகத்தின் வருகைப் பதிவேடும் வீட்டின் உணவு நேரமும் தொழுகையைவிட மேலானவை அல்ல. அவற்றை அவளுக்காகச் சற்றே மாற்றி அமைப்பது எவ்வாறு என்பதைக் குடும்பத்தாரும் நிறுவனத்தாரும் ஜமாஅத்தாரும் அவளையும் அமர்த்திப் பேசி முடிவு செய்தல் வேண்டும்.