உங்களுக்குத் தெரியுமா? ஹெபடைடிஸ் சி கிருமியும் கல்லீரல் புற்றுநோயும்

1989 வரை இந்தக் கிருமிக்குப் பெயரே கிடையாது. இரத்தம் ஏற்றிக்கொண்ட சிலருக்கு ஏன் கல்லீரல் வீங்குகிறது என்று புரியாமல், 'ஏ-யும் அல்ல, பி-யும் அல்ல' என்றே மருத்துவர்கள் எழுதி வைத்தார்கள். புதிரை அவிழ்த்த ஆல்டர், ஹவ்டன், ரைஸ் மூவருக்கும் 2020-இல் நோபல் பரிசு கிடைத்தது.

பி வகைக்குத் தடுப்பூசி உண்டு. மலேசியாவில் 1989 முதல் பிறந்த குழந்தைகளுக்கே போடுகிறார்கள். ஆனால் பி-யை மாத்திரையால் பெரும்பாலும் அடக்கி வைக்கத்தான் முடியும். சி வகை நேர் எதிர்: தடுப்பூசி இல்லை, ஆனால் மாத்திரை தின்றால் 100-க்கு 95 பேருக்கு மேல் கிருமி அடியோடு போய்விடும்.

அந்த மாத்திரைகளில் முதலில் பெயர் வாங்கியது சோஃபோஸ்புவிர். 2013 டிசம்பரில் அமெரிக்காவில் வெளிவந்தபோது ஒரு மாத்திரை 1,000 டாலர். 12 வாரம், அதாவது 84 நாள், ஆக 84,000 டாலர். 2017 நாணய மாற்றில் ஏறத்தாழ மூன்றரை லட்சம் ரிங்கிட். செந்தூலில் எந்தக் குடும்பம் இதைப் புரட்டும்? வேடிக்கை என்னவென்றால், இந்த விலையை உடைக்க மலேசியா கையில் எடுத்ததும் 84 தான்: 1983-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 84-ஆம் பிரிவு. பொதுநலனுக்குத் தேவையென்றால், காப்புரிமை உள்ளவரின் சம்மதம் இல்லாமலேயே அரசாங்கம் அந்தப் பொருளைப் பயன்படுத்தலாம் என்கிறது அது.

2017 செப்டம்பரில் இதை அறிவித்த சுகாதார அமைச்சர் நம்மவர், டாக்டர் ச. சுப்பிரமணியம். ஹெபடைடிஸ் சி மருந்துக்கு இப்படி உரிமம் எடுத்த முதல் நாடு மலேசியா. 2003-இல் எச்.ஐ.வி. மருந்துகளை இதே வழியில் இந்தியாவிலிருந்து வரவழைத்த அனுபவமும் நமக்கு உண்டு. அரசாங்கம் ஏன் இவ்வளவு தூரம் போனது? சோஃபோஸ்புவிரின் காப்புரிமையை வைத்திருக்கும் கிலியட் நிறுவனம் 2014-இல் இந்தியக் கம்பெனிகளுக்கு மலிவு மருந்து செய்ய அனுமதி கொடுத்தபோது, நடுத்தர வருமான நாடு என்று மலேசியாவைப் பட்டியலில் சேர்க்கவில்லை. ஓட்டாண்டியாகவும் இல்லை, பணக்காரராகவும் இல்லை என்றால் இதுதான் கதி. அரசாங்கம் உரிமம் எடுக்கப்போகிறது என்றானதும், 2017 ஆகஸ்டில் அந்த நிறுவனமே மலேசியாவைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது! மருந்துச் செலவு ஆளுக்குச் சுமார் 300 டாலராக இறங்கியது. 2018 முதல் அரசாங்க மருத்துவமனைகளில் சிகிச்சை இலவசம்.

ரவிதாஸ்விர் என்ற இன்னொரு மாத்திரையையும் 2021 ஜூனில் மலேசியா பதிவு செய்தது. எகிப்தின் ஃபார்கோ நிறுவனமும் இலாப நோக்கற்ற டி.என்.டி.ஐ. அமைப்பும் நம் சுகாதார அமைச்சும் கைகோத்து உருவாக்கியது. மலேசியாவிலும் தாய்லாந்திலும் நடந்த சோதனையில் 97 விழுக்காட்டினர் குணமானார்கள்.

கிருமி தொற்றிய பலருக்கு இருபது முப்பது ஆண்டு ஒன்றுமே தெரியாது. காமாலை வந்தால்தான் கல்லீரல் நோய் என்ற நினைப்பு இங்கேதான் ஆளை ஏமாற்றுகிறது. உள்ளே கல்லீரல் தழும்பேறிச் சுருங்கி சிரோசிஸ் ஆகிவிட்டால், அப்படிப்பட்ட 100 பேரில் ஆண்டுக்கு ஒருவர் முதல் நான்கு பேருக்குப் புற்றுநோய் வருகிறது.

புற்றுநோய் வந்த பிறகு கிருமிக்கு மருந்து கொடுக்கலாமா? 2016-இல் மருத்துவ உலகமே ஓர் ஆய்வைப் பார்த்து அரண்டது. புற்றுக்கட்டி அகற்றப்பட்டுப் பின்னர் இந்த மாத்திரை எடுத்த 58 பேரைப் பார்சிலோனா மருத்துவர்கள் கவனித்தார்கள். சில மாதங்களிலேயே 16 பேருக்குக் கட்டி திரும்பியிருந்தது. மருந்தே புற்றைக் கிளப்பிவிடுகிறதோ என்ற பேச்சு பரவியது. ஆனால் அந்த ஆய்வில் மாத்திரை எடுக்காதவர்களோடு ஒப்பீடு இல்லை. 2019-இல் வட அமெரிக்காவில் 793 நோயாளிகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது, மருந்தால் கட்டி கூடுதலாகத் திரும்பவில்லை என்று தெரிந்தது. அதே குழுவின் இன்னோர் ஆய்வில், மாத்திரை எடுத்தவர்களின் இறப்பு அபாயம் ஏறக்குறைய பாதியாகவே இருந்தது. கல்லீரல் புற்றுநோயாளியைப் பல வேளைகளில் கொல்வது கட்டி அல்ல, செயலிழந்துபோகும் கல்லீரல். கிருமி போனால் எஞ்சிய கல்லீரல் கொஞ்சம் தேறும். தேறினால் கட்டிக்குச் சிகிச்சை செய்யவும் இடம் கிடைக்கும்.

இருந்தாலும் வரிசை முக்கியம். கட்டி உள்ளே இருக்கும்போது மாத்திரையின் பலன் சற்றுக் குறைகிறது. அதனால் அகற்றக்கூடிய கட்டியை முதலில் கவனித்து, சில மாதம் பொறுத்து, ஸ்கேனில் சுத்தம் என்று தெரிந்த பிறகு கிருமிக்கு மருந்து தொடங்குவதே வழக்கம். மாற்றுக் கல்லீரலுக்குக் காத்திருப்பவருக்குக் கணக்கு வேறு. அதை நிபுணர்தான் முடிவு செய்வார்.

கிருமி போனதும் மருத்துவமனை அட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சிரோசிஸ் இருந்தவருக்கு அபாயம் குறையுமே தவிர அற்றுப்போகாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் தொடர வேண்டும்.

குணமானவருக்கும் விரல் நுனி இரத்தச் சோதனை 'பாசிட்டிவ்' என்றே காட்டும். அது பழைய தொற்றின் தடயம். கிருமி இருக்கிறதா என்று சொல்வது ஆர்.என்.ஏ. சோதனை. ஒருமுறை குணமானவருக்கு மறுபடியும் தொற்றலாம்.

சி-யை விரட்டும் மாத்திரை, உடம்பில் ஒளிந்திருக்கும் பி கிருமியை எழுப்பிவிடலாம்! 2016-இல் அமெரிக்க மருந்து நிர்வாகமே எச்சரித்தது. அதனால் முதலில் பி-க்கும் இரத்தம் பார்ப்பார்கள்.

சி கிருமி இரத்தம் வழியே தொற்றுவது. பத்துமலையில் முடி காணிக்கை கொடுக்கிறீர்களா? தலைக்கு ஒரு புது பிளேடு கேளுங்கள். அலகுக்கும் பச்சை குத்தும் ஊசிக்கும் இதே விதி. சேர்ந்து சாப்பிடுவதாலோ கட்டிப்பிடிப்பதாலோ இது தொற்றாது.

நாட்டு மருந்தான கீழாநெல்லிக்கு 1988-இல் 'லான்செட்' மருத்துவ இதழிலேயே இடம் கிடைத்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜன் குழு அதை பி கிருமி உள்ளவர்களுக்குக் கொடுத்துப் பார்த்து, பலன் இருப்பதாகச் சொன்னது. பின்னர் பிற இடங்களில் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. சி-க்கு அது மருந்தென்று யாரும் நிறுவவில்லை. குடிப்பதாக இருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

ஹெபடைடிஸ் சி இருந்தவர் இறந்தால் அவர் கல்லீரலை ஒருகாலத்தில் தொடவே தயங்குவார்கள். இப்போது அமெரிக்காவில், கிருமியே இல்லாத நோயாளிக்கும் அதைப் பொருத்துகிறார்கள். கூடவே வந்த கிருமியை மாத்திரை பார்த்துக்கொள்கிறது.