ஏரிக்கரையில் ஓர் அறப்பணி

"படிக்கும் பிள்ளைக்கு ஏழு நாள் சேவை முகாம் எதற்கு?" எனத் தயங்கும் பெற்றோர் நம்மிடையே உண்டு. காந்தியடிகளின் நூற்றாண்டான 1969-இல் கல்லூரிகளில் தொடங்கப்பெற்ற நாட்டு நலப்பணித் திட்டம், பின்னர் மேல்நிலைப் பள்ளி மாணவரையும் அரவணைத்துக்கொண்டது.

ஒருவர் நட்ட மரத்தின் பயனை மனிதரோ, பறவையோ, விலங்கோ நுகர்ந்தால், அது அவருக்குத் தருமமாகும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளினார்கள். உண்பவர் எவ்வூரார், எம்மதத்தார் என்ற வினாவே அங்கில்லை.

அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரியைப் பாருங்கள். மேட்டூர் நீர் புள்ளம்பாடி வாய்க்கால் வழியே வந்து அதனை நிரப்புகிறது. இமயத்தைக் கடந்து வரித்தலை வாத்துகள் அங்கு வந்திறங்குகின்றன. 2024-இல் அவ்வேரி ராம்சார் உடன்படிக்கையின் உலகப் பட்டியலில் இடம்பெற்றது. அத்தகைய நீர்நிலையின் கரையில் ஒரு மாணவர் குப்பையை அகற்றினால், அதன் நன்மை பிற நாட்டு உயிர்களையும் சென்றடைகிறது அன்றோ!

கடல் கடந்து பொருளீட்டுவோர் மிகுந்த பெரம்பலூர் மாவட்டத்து லப்பைக்குடிக்காட்டுக்கு உலகம் புதிதன்று. தந்தையின் உழைப்பு கடல் கடக்கிறது. பிள்ளையின் தொண்டும் எல்லை கடக்கட்டும்.

பெற்றோரே! மதிப்பெண் இம்மைக்கு உதவும். பிறர்க்காகக் குனிந்த முதுகோ இம்மைக்கும் மறுமைக்கும் உதவும். இன்முகத்துடன் இசைவளித்து அனுப்புங்கள்.