கண்ணை அளக்கக் கற்பிக்கும் பல்கலைக்கழகம்

வகுப்பில் பின் வாங்கில் இருக்கும் பிள்ளை கரும்பலகையைப் பார்த்து எழுதுவதில்லை. பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதுகிறது. "படிப்பு ஏறாத பிள்ளை" என்று பெரியவர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். நாற்பத்தைந்து வயதுத் தாய்க்கு அரிசியில் கிடக்கும் கல் தெரிவதில்லை. மிளகாய்க் கன்றின் இலைக்கு அடியில் பூச்சி பிடித்திருப்பது தந்தையின் கண்ணில் படும்போது பாதித் தோட்டம் போய்விட்டது.

இம்மூவரின் கண்களிலும் நோய் எதுவும் இல்லாதிருக்கலாம். அவர்களுக்கு வேண்டியது மருந்தும் அல்ல, சத்திரசிகிச்சையும் அல்ல. சரியான வலுவுடைய ஒரு மூக்குக்கண்ணாடி மட்டுமே. ஆனால் அந்த வலு எவ்வளவு என்று அளந்து சொல்ல ஓர் ஆள் வேண்டுமே! அந்த ஆளை எங்கே, எப்படி உருவாக்குவது? நீண்ட போரினால் நொந்துபோன ஒரு விவசாய நாடு இக்கேள்விக்குத் தேடிய விடையை இங்கு நோக்குவோம்.

நடுவில் நிற்பவர்

கண் பராமரிப்பில் பல தரத்தினர் பணிபுரிகின்றனர். கண் வைத்திய நிபுணர் மருத்துவப் பட்டம் பெற்ற பின்னர் கண் துறையில் மேலும் பல ஆண்டுகள் பயின்றவர். "கண்ணில் வெள்ளை விழுந்துவிட்டது" என்று நாம் சொல்லும் கண்புரையை அகற்றுவது போன்ற சத்திரசிகிச்சைகள் அவருடைய பணி. கண்ணாடிக் கடையில் இருப்பவர் வில்லையை வெட்டிச் சட்டத்தில் பொருத்துபவர். இவ்விருவருக்கும் நடுவில் இன்னொருவர் இருக்கிறார். அவரை ஒப்டோமெற்றிஸ்ட் என்பார்கள். பார்வை அளவையாளர் என்று நாம் சொல்லலாம். பார்வையை அளப்பது, கண்ணாடி எழுதிக் கொடுப்பது, நோயின் அறிகுறி கண்டால் காலந்தாழ்த்தாது நிபுணரிடம் அனுப்புவது ஆகியன அவருடைய கடமைகள்.

இந்த நடுப்பணியாளர் இல்லாத நாட்டில், இருக்கும் ஒரு சில நிபுணர்களும் நாள் முழுவதும் கண்ணாடி எழுதிக்கொண்டிருக்க நேரிடும். சத்திரசிகிச்சைக்காகக் காத்திருக்கும் முதியவரின் வரிசையோ நீண்டுகொண்டே போகும்.

நம்புலாவில் ஒரு தொடக்கம்

ஆபிரிக்காவின் தென்கிழக்குக் கரையில் உள்ள மொசாம்பிக், 1975இல் போர்த்துக்கல்லிடமிருந்து விடுதலை பெற்றது. 1977இல் உள்நாட்டுப் போர் மூண்டது. ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர் மாண்டனர். பல இலட்சம் விவசாயக் குடும்பங்கள் விதைத்த நிலத்தை விட்டு ஓடின. 1992 ஒக்டோபர் 4ஆம் திகதி றோம் நகரில் சமாதான உடன்படிக்கை கைச்சாத்தானது.

தலைநகர் மபூட்டோ நாட்டின் தென்கோடியில் உள்ளது. வடக்கே, அங்கிருந்து ஏறத்தாழ இரண்டாயிரம் கிலோமீற்றர் தொலைவில் இருப்பது நம்புலா. மரவள்ளியும் சோளமும் கச்சானும் மரமுந்திரிகையும் விளையும் மண் அது. அங்கே லூரியோ பல்கலைக்கழகம் 2007இல் கற்பித்தலை ஆரம்பித்தது. 2009இல் அதன் சுகாதார விஞ்ஞான பீடம், பார்வை அளவையாளரை உருவாக்கும் நான்காண்டுக் கற்கைநெறியைத் தொடங்கியது. நாட்டிலேயே இத்துறையில் இதுதான் முதலாவது. அயர்லாந்து அரசின் உதவி நிறுவனம் நிதி வழங்கியது. டப்ளின், அல்ஸ்ரர் ஆகிய இடங்களின் உயர்கல்வி நிறுவனங்களும் சர்வதேசக் கண் பராமரிப்புக் கல்வி நிலையமும் தோள்கொடுத்தன.

தலைநகரில் படித்துப் பட்டணத்து வாழ்வுக்குப் பழகியவர் கிராமத்துக்குத் திரும்புவது அரிது. தேவை மிகுந்த இடத்திலேயே பள்ளியை அமைத்தால், படிக்கும்போதே மாணவர் அந்த மக்களின் கண்களைப் பார்க்கிறார். அவர்களுடைய கஷ்டத்தையும் பார்க்கிறார்.

என்ன கற்கிறார்கள்?

ஒளி எவ்வாறு வளைகிறது, கண் எவ்வாறு அமைந்துள்ளது, எந்த நோய் எந்த அடையாளத்தைக் காட்டும் என்பவை இத்துறையின் அடிப்படைப் பாடங்கள். ஆனால் கைப்பழக்கமே முக்கியம். ஓர் உதாரணம் சொல்வோம். எழுத்துத் தெரியாத சின்னப் பிள்ளையிடம் "இந்த எழுத்து என்ன?" என்று கேட்டு எப்படி அளப்பது? இதற்கென ஒரு கருவி உண்டு. இருட்டறையில் அதன் மெல்லிய ஒளிக்கீற்றைப் பிள்ளையின் கண்ணுக்குள் செலுத்தி, அதை மெல்ல அசைப்பார்கள். கண்மணிக்குள் ஒரு செந்நிற ஒளி தோன்றி அசையும். ஒன்றன்பின் ஒன்றாக வில்லைகளை முன்னே பிடித்து வர, ஒரு கட்டத்தில் அந்த அசைவு அடங்கிவிடும். அதைக் கொண்டு கண்ணாடியின் வலுவைக் கணக்கிடுகிறார்கள். பிள்ளை ஒரு வார்த்தையும் பேசத் தேவையில்லை.

இன்னொரு சோதனையை நாமே வீட்டில் செய்து பார்க்கலாம். தடித்த மட்டை ஒன்றில் குண்டூசியால் சிறு துளை இடுங்கள். ஒரு கண்ணை மூடி, மற்றக் கண்ணால் அத்துளையூடாகத் தூரத்து எழுத்தைப் பாருங்கள். முன்னரைவிடத் தெளிவாகத் தெரிந்தால், பெரும்பாலும் கண்ணாடியினால் சரிவரக்கூடிய குறைதான். தெளிவடையாவிட்டால் வேறு காரணம் இருக்கலாம், வைத்தியரைக் காணுங்கள். இது முறையான பரிசோதனைக்கு ஈடாகாது என்பதை மறவாதீர்கள். திடீரெனப் பார்வை குன்றினாலோ, கண் சிவந்து கடுமையாக நொந்தாலோ, மட்டையைத் தேடாமல் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

ஒரு மாணவருக்கு ஒரு குடும்பம்

இப்பல்கலைக்கழகத்தில் போற்றத்தக்க திட்டம் ஒன்று உண்டு. ஒவ்வொரு மாணவருக்கும் அயற்கிராமத்தில் ஒரு குடும்பம் ஒப்படைக்கப்படுகிறது. மாணவர் அக்குடும்பத்தைத் தொடர்ந்து தரிசித்து, அதன் சுகநலத்தைக் கவனித்து வருவார். குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது, வைத்தியசாலைக்குப் போக எவ்வளவு நேரம் செல்லும் என்பவற்றை இங்கேதான் அறிகிறார். நோயாளி வரும்வரை அறையில் காத்திருப்பவருக்கும், வீட்டு வாசலுக்குப் போய்ப் பழகியவருக்கும் வேறுபாடு உண்டல்லவா?

பட்டம் மட்டும் போதுமா?

பாதை இலகுவானதாக இருக்கவில்லை. நாட்டில் இத்துறை படித்தவர்கள் இல்லாததால் தொடக்கத்தில் ஆசிரியர்களை வெளிநாடுகளிலிருந்து வரவழைக்க வேண்டியிருந்தது. கற்பிக்கும் மொழி போர்த்துக்கேயம். கிராமத்தவர் பேசுவதோ மக்குவா. பட்டம் பெற்று வந்தவர்கள் நாட்டுக்குப் புதிய வகைப் பணியாளர்கள். அரச சுகாதார சேவையில் அவர்களுக்கென இடம் வகுக்க வேண்டியிருந்தது. அளந்து எழுதிக் கொடுத்தாலும், மலிவான கண்ணாடி அருகில் கிடைக்காவிட்டால் அது வெறும் கடதாசித் துண்டுதான். 2017இல் அண்டை மாகாணமான காபோ டெல்காடோவில் மீண்டும் வன்செயல் தொடங்கியதிலிருந்து, இடம்பெயர்ந்த பல குடும்பங்கள் நம்புலாவுக்கும் வந்து சேர்ந்தன. தேவை இன்னும் பெருகியது.

ஆகவே பள்ளி, பதவி, கண்ணாடி என்னும் மூன்றும் அடுப்பின் மூன்று கற்களைப் போன்றவை. ஒன்று இல்லாவிட்டாலும் பானை நிற்காது.

கண்ணாடி ஆடம்பரமா?

"வயலுக்குப் போகிறவனுக்குக் கண்ணாடி எதற்கு?" என்று கேட்பவர்கள் நம்மிடையே உண்டு. அசாம் மாநிலத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கும், நாற்பது வயதும் அதற்கு மேலும் ஆன ஏறத்தாழ 750 தொழிலாளரிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2018இல் வெளிவந்தது. வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி பெற்றவர்களின் வேலைத்திறன், பெறாதவர்களைவிட நூற்றுக்கு இருபதுக்கும் மேல் கூடியிருந்தது. நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்து எல்லோருக்கும் வருவது. ஆயினும் உலகில் 82 கோடிக்கும் மேற்பட்டோர் அதற்குரிய கண்ணாடி இன்றி வாழ்கின்றனர் என உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவித்தது.

நிலத்தையும் வீட்டையும் விட்டு வந்தவர்க்கு மிஞ்சியிருக்கும் முதல் கையும் கண்ணும்தான். எனவே உங்கள் சங்கக் கூட்டத்தில் விதைநெல்லையும் உரத்தையும் பேசும்போது, கண்ணையும் ஒரு விடயமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் பகுதியில் பார்வையை அளப்பவர் யார்? எந்த நாளில் வருகிறார்? கண்ணாடி எங்கே, என்ன விலைக்குக் கிடைக்கும்? இம்மூன்று கேள்விகளையும் சுகாதார அதிகாரிகளிடம் சேர்ந்து கேளுங்கள். பின் வாங்கில் இருக்கும் பிள்ளையை ஏசுவதற்கு முன், ஒரு நாள் முன் வாங்கில் இருத்திப் பாருங்கள்.