குளத்தின் கழுத்து

காவிரியின் கடைமடையில் இருப்பது எங்கள் காரைக்கால். அரசலாறு இங்கேதான் கடலைச் சேர்கிறது. மேட்டூர் அணை திறந்த செய்தியை அன்றே கேட்டுவிடுவோம். தண்ணீரையோ பல நாள் கழித்தே காண்போம். சில ஆண்டுகளில் அதுவும் அரிது. ஆகையால் வந்த நீரைத் தேக்கிவைக்க முன்னோர் ஊர்தோறும் குளம் வெட்டினார்கள்.

மாணவர்களே, கடலோரத்துக் குளம் குளிப்பதற்கு மட்டும் ஏற்பட்டதன்று. இம்மண்ணுக்கடியில் நன்னீர் மேலும் உப்புநீர் கீழுமாக நிற்கின்றன. உப்புநீர் கனமானது அல்லவா? மேலுள்ள நன்னீரை நாம் இறைத்துக்கொண்டே இருந்து, அவ்விடத்தை மழைநீரும் ஆற்றுநீரும் ஊறி நிரப்பாவிட்டால், அடியில் கிடக்கும் உப்பு மெல்ல மேலேறும். அதைத் தடுத்து நிறுத்தும் காவலாள்களுள் ஒன்று குளம். வீட்டுக்கு வீடு குழாய் வந்த பின் அந்தக் காவலாளை நாம் மறந்தோம். படித்துறையில் ஆளில்லை, ஆளில்லாத குளத்தில் குப்பை சேர்ந்தது.

பிறரைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. நான் தலைமையாசிரியராக இருந்த ஒரு பள்ளியின் பின்னால் சிறு குளம் ஒன்று இருந்தது. மாடுகள் உள்ளே வருகின்றன என்று சுற்றுச்சுவர் எழுப்பினோம். குறுக்கே வறண்ட பள்ளம் ஒன்று கிடந்தது. அப்போது கோடை. மண்ணைக் கொட்டி மேடாக்குங்கள் என்று சொன்னவன் நானே. ஐப்பசியில் மழை கொட்டிற்று. தண்ணீர் சாலையில் நின்றது; குளத்தில் பாதிகூட நிரம்பவில்லை. அவ்வழியே மாடு ஓட்டிச் சென்ற மூதாட்டி ஒருவர், "ஐயா, குளத்தின் கழுத்தை அடைத்துவிட்டீர்களே!" என்றார். பூகோளம் போதித்தவன் நான். வரத்து வாய்க்கால் எது என்று அவரிடம் கற்க வேண்டியிருந்தது. சில ஆண்டுகளில் பள்ளிக் கிணற்று நீரும் கரித்தது.

2019ஆம் ஆண்டு காரைக்கால் மாவட்ட நிர்வாகமும் பொதுமக்களும் சேர்ந்து, 'நம் நீர்' என்னும் திட்டத்தில் நூற்றுக்கு மேற்பட்ட குளங்களைத் தூர்வாரினர். மிக நல்ல பணி. ஆயினும் தூர்வாருவது சில நாள் வேலை. நீர் வரும் வழியைக் கண்டுபிடித்துக் காப்பது ஆண்டுதோறும் செய்ய வேண்டிய வேலை. மனை, பாதை, சுவர் என்று அதன்மேல் எத்தனையோ ஏறிவிட்டன. வாய்க்காலைக் காண ஆற்றங்கரையிலிருந்து நடந்தே வர வேண்டும்.

நாங்களும் அப்படித்தான் நடந்தோம். உயர் வகுப்பு மாணவர் சிலருடன் அந்த மூதாட்டியும் வந்தார். அவர் கோலால் காட்டிய இடத்தில் சுவரைத் துளைத்து, சிமெண்டுக் குழாய் ஒன்றைப் பதித்தோம். அடுத்த ஐப்பசியில் அக்குழாய் வழியே முதலில் வந்தவை சருகும் ஒரு பிள்ளையின் செருப்பும், பின்னர்த்தான் தண்ணீர்.