விறகா, கடலைத்தோல் கட்டையா?

சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடையிலுள்ள புத்தலப்பட்டு வட்டாரம் மாவும் நிலக்கடலையும் விளையும் பூமி. கடலையை உடைத்தபின் எஞ்சும் தோலை இயந்திரத்திலிட்டு அழுத்தினால், அதிலுள்ள லிக்னின் சூட்டில் இளகிப் பசையாகி, உருளைக் கட்டை கிடைக்கிறது. இது விறகுக்கு மாற்றாகுமா?

எடையை மட்டும் பார்த்து விலை பேசுவது சரியன்று. பச்சை விறகின் எடையில் ஏறத்தாழப் பாதி நீர். எரியும் வெப்பத்தில் ஒரு பகுதி அந்நீரை ஆவியாக்கவே செலவாகிறது. ஈரம் 10 விழுக்காட்டுக்கும் குறைந்த கட்டை, எடைக்கு எடை, ஏறத்தாழ இருமடங்கு வெப்பம் தரும். ஆகவே பச்சை விறகைப்போல் ஒன்றரை மடங்கு விலையாயினும் கட்டையே இலாபம். நன்கு உலர்ந்த மாங்கிளையோடு ஒப்பிட்டாலோ இவ்வேற்றுமை பெரிதும் சுருங்கிவிடும்.

கொதிகலனுக்குப் பொருந்தும் இக்கணக்கு வீட்டடுப்புக்கு அப்படியே பொருந்தாது. அடியில் காற்றுப் புகக் கம்பித் தட்டு இல்லாத மண்ணடுப்பில் கட்டை எளிதில் பற்றாது, புகையும். மேலும், பொறுக்கி வரும் சுள்ளிக்கு விலையில்லை, அதைச் சுமக்கும் பெண்களின் உழைப்பை எவரும் கணக்கில் எழுதுவதில்லை (இதையும் பொருளாதாரம் என்கிறோம்!). 2016-இல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தில் எரிவாயு இணைப்புப் பெற்ற இல்லங்கள் பலவும் மறு உருளையின் விலை கருதி விறகைக் கைவிடவில்லை. அவர்களிடம் கட்டையை விற்குமுன் கம்பித் தட்டுள்ள அடுப்பு சென்றடைய வேண்டும். அதுவரை, ஒரு கோடை முழுதும் உலர்ந்த விறகே அவர்களுக்குச் சிக்கனம்.