டிக்கெட் கையில் இருந்தும் வாசலோடு திரும்பிய 'அப்பு'! நாய், பூனையோடு விமானம் ஏறப் போகிறீர்களா? ஒரு நிமிஷம் நில்லுங்கள்!

சென்னை,

மே மாதம். கத்திரி வெயில் மண்டையைப் பிளக்கும் பகல் நேரம். மீனம்பாக்கம் விமான நிலையத்தின் புறப்பாடு வாசலில், தள்ளுவண்டி நிறையப் பெட்டிகளோடு வயதான அம்மாள் ஒருவர் உட்கார்ந்து அழுது கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கூண்டு. கூண்டுக்குள் சுருங்கிய முகமும் சப்பை மூக்குமாக ஒரு நாய், நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துக் கொண்டிருந்தது.

வேறு ஒரு செய்திக்காக அங்கே போயிருந்த நமது நிருபர் அருகில் போய், "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டார்.

"என்னத்தச் சொல்றது தம்பி! எங்க அப்புவ ஏத்த மாட்டேங்கறாங்க. எட்டு வருஷமா புள்ள மாதிரி வளர்த்தது. இத விட்டுட்டு நான் எப்படிப் போவேன்?" என்று தேம்பினார்.

அவருடைய கணவர் ரிட்டயர் ஆனவர். டெல்லியில் இருக்கும் மகனோடு தங்கிவிடலாம் என்று வீட்டைக் காலி செய்துவிட்டுக் கிளம்பியிருக்கிறார்கள். டிக்கெட் போட்டுக் கொடுத்த ஏஜெண்டு, "நாய்தானே சார், அங்கே போய்ப் பணம் கட்டினா ஏத்திடுவாங்க" என்று சொல்லியிருக்கிறார். இவர்களும் நம்பி வந்துவிட்டார்கள்.

கவுண்டரில் மூன்றே கேள்விதான். "நாய்க்கு முன்பதிவு உண்டா?" இல்லை. "பயணிகள் பகுதிக்கு எடை சரியாக இருக்கிறதா?" நாய் 9 கிலோ, கூண்டோடு 10½ கிலோ. வரம்பைத் தாண்டிவிட்டது. "அடியில் சரக்கு அறையில் ஏற்றலாமா?" இது சப்பை மூக்கு ஜாதி, ஏற்றக் கூடாது!

அவ்வளவுதான். விமானம் பறந்துவிட்டது. அப்பு தரையில்.

கேட்டவுடன் நமக்கும் கோபம் வந்தது. 'வாயில்லா ஜீவனை இப்படித் தவிக்க விடலாமா?' என்று எழுதத்தான் பேனாவை எடுத்தோம். ஆனால் விதிகளை ஒவ்வொன்றாக விசாரித்தபோது விஷயம் வேறாக இருந்தது. அன்று அந்த அம்மாளை அழ வைத்த விதிதான் அப்புவின் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது!

மூன்று வழி

விமானத்தில் நாயோ பூனையோ போவதற்கு மூன்று வழி உண்டு.

முதல் வழி, நம்மோடு பயணிகள் பகுதியில். சின்ன நாய், பூனைக்கு மட்டும்தான் இது. எடை என்றால் பிராணியின் எடை மட்டும் அல்ல, பையோ கூண்டோ அதையும் சேர்த்துத்தான் நிறுப்பார்கள். முன் சீட்டுக்கு அடியில் அந்தப் பை அடங்க வேண்டும். மடியில் வைத்துக் கொஞ்ச முடியாது. ஒரு விமானத்தில் ஒன்றிரண்டு பிராணிகளுக்குத்தான் இடம். அதனால்தான் முன்கூட்டியே பதிவு செய்யச் சொல்கிறார்கள்.

இரண்டாவது வழி, நாம் போகும் அதே விமானத்தில், அடியில் உள்ள சரக்கு அறையில் லக்கேஜாக. இலவசமாகக் கொண்டு போகும் 15 கிலோ, 20 கிலோ கணக்கில் இது பெரும்பாலும் சேராது. தனிக் கட்டணம்.

மூன்றாவது வழி, தனியாகச் சரக்குப் பதிவு. நாம் ஒரு விமானம், நாய் வேறு விமானம் என்றுகூட ஆகலாம்.

எல்லாக் கம்பெனியும் மூன்றையும் அனுமதிப்பதில்லை. ஆகாசா ஏர் நிறுவனம் 2022-ம் ஆண்டு, கூண்டோடு 7 கிலோ வரை பயணிகள் பகுதியில் ஏற்றலாம் என்று தொடங்கியது. இந்த வரம்பு கம்பெனிக்குக் கம்பெனி, வருஷத்துக்கு வருஷம் மாறும். சில கம்பெனிகள் செல்லப் பிராணிகளை ஏற்றுவதே இல்லை. ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் போன வருஷம் கொண்டு போனாரே என்று நம்பிக் கிளம்பாதீர்கள். டிக்கெட் எடுக்கும் முன்பே கம்பெனிக்குப் போன் செய்து கேட்டு, சம்மதத்தை எழுத்தில் வாங்கிக் கொள்ளுங்கள்.

கண் தெரியாதவர்களுக்கு வழிகாட்டும் பயிற்சி பெற்ற நாய்க்கு மட்டும் தனிச் சலுகை. அது எஜமானரின் காலடியிலேயே, கட்டணம் இல்லாமல் போகலாம்.

சப்பை மூக்குக்கு ஏன் தடை?

2003-ம் ஆண்டு வந்த செல்போன் விளம்பரத்துக்குப் பிறகு ஊரே 'ஹட்ச் நாய்' என்று கூப்பிடுகிறதே, அந்தப் பக் ஜாதிதான் அப்பு.

மனிதனுக்கு வேர்த்தால் சூடு தணியும். நாய்க்கு அப்படி உடம்பெல்லாம் வேர்க்காது. வாயைத் திறந்து இரைத்துத்தான் உடம்புச் சூட்டை வெளியேற்றும். பக், புல்டாக் போன்றவற்றுக்கு மூக்கும் மூச்சுக் குழாயும் குறுகல். சாதாரண நாளிலேயே குறட்டை விடும். பயமும் புழுக்கமும் சேர்ந்தால் மூச்சு வாங்கவே போராடும்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 2010-ம் ஆண்டு ஒரு கணக்கு வெளியிட்டது. 2005 மே முதல் ஐந்து வருஷத்தில், அந்நாட்டு விமான நிறுவனங்கள் கொண்டு சென்றபோது இறந்ததாகத் தெரிவிக்கப்பட்ட நாய்கள் 122. அதில் ஏறக்குறைய பாதி சப்பை மூக்கு ஜாதிகள்! புல்டாக் மட்டும் 25. பக் 11.

சரக்கு அறை என்றால் காற்றே இல்லாத இடம் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. பிராணிகளை ஏற்றும் அறையில் காற்றழுத்தம், மேலே நாம் உட்கார்ந்திருக்கும் இடத்தைப் போலத்தான் இருக்கும். கீழே உயிருள்ள பிராணி இருக்கிறது என்று கேப்டனுக்கு எழுத்து மூலம் தகவல் கொடுப்பார்கள். ஆனால் எல்லா விமானத்திலும் எல்லா அறைக்கும் சூடும் காற்றோட்டமும் சரிவர இருக்காது. அந்த ரக விமானம் வந்தால் நாய்க்கு இடம் கிடையாது.

உண்மையான ஆபத்து வானத்தில் மட்டும் இல்லை, தரையிலும் இருக்கிறது. வண்டியில் ஏற்றி, ஓடுபாதைப் பக்கம் வெயிலில் காத்திருந்து, அறைக்குள் வைத்து, விமானம் கிளம்பத் தாமதமானால்? சென்னை மே மாத வெயிலில் அந்தச் சிமெண்டுத் தரை எப்படிக் கொதிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. எந்த ஜாதி நாயாக இருந்தாலும் வெயில் காலத்தில் விடியற்காலை அல்லது இரவு விமானமாகப் பாருங்கள். நடுவில் விமானம் மாறாமல் நேராகப் போவது நல்லது.

பயணிகள் பகுதியிலும் அஜாக்கிரதை கூடாது. 2018 மார்ச்சில் அமெரிக்காவில் ஹூஸ்டனிலிருந்து நியூயார்க் போன விமானத்தில், ஒரு குட்டி நாய் இருந்த பையைத் தலைக்கு மேல் பெட்டி வைக்கும் இடத்தில் வைக்கச் சொல்லிவிட்டார்கள். இறங்கும்போது குட்டி பிணம். அதுவும் பிரெஞ்சு புல்டாக். சப்பை மூக்கு!

கூண்டுக்கு ஒரு கணக்கு

ஐயாட்டா என்ற சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் கூண்டுக்கு அளவு விதித்திருக்கிறது. உலகம் பூராவும் இதுதான் கணக்கு. ஒரு டெய்லர் டேப் இருந்தால் போதும், வீட்டிலேயே அளந்துவிடலாம்.

நீளம்:- மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை அளந்து, அதோடு முன்னங்கால் முட்டி வரை உள்ள உயரத்தில் பாதியைக் கூட்டவும்.

அகலம்:- தோள் அகலத்தைப் போல இரண்டு மடங்கு.

உயரம்:- நாய் நிமிர்ந்து நிற்கும்போது தலை அல்லது காது நுனி, எது உயரமோ அது. அதோடு விரிப்பின் கனம்.

உதாரணமாக உடல் நீளம் 60 சென்டிமீட்டர், முட்டி உயரம் 30, தோள் அகலம் 20 என்றால் கூண்டு 75 நீளம், 40 அகலம் இருக்க வேண்டும். சப்பை மூக்கு என்றால் இதிலும் பத்தில் ஒரு பங்கு கூடுதல்.

சுருக்கமாகச் சொன்னால், உள்ளே நாய் நிற்க வேண்டும், திரும்ப வேண்டும், காலை நீட்டிப் படுக்க வேண்டும். தண்ணீர்க் கிண்ணம் கூண்டிலேயே பொருத்தியிருக்க வேண்டும். கூண்டைப் புதிதாக வாங்கி அன்றைக்கே அடைக்காதீர்கள். ஒரு மாதம் முன்பே வீட்டில் திறந்து வைத்து, அதற்குள் சோறு போட்டு, தூங்கப் பழக்குங்கள்.

தூக்க மாத்திரை ஆகாது

"குரைக்காம இருக்க ஒரு தூக்க மாத்திரை குடுத்துட்டா?" என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டவே வேண்டாம்! மயக்க மருந்து ரத்த அழுத்தத்தைக் குறைக்கும், மூச்சை மந்தமாக்கும். கூண்டு ஆடும்போது நாயால் கால் ஊன்றி நிற்க முடியாது. மருந்து கொடுத்தது தெரிந்தால் பல கம்பெனிகள் ஏற்றவே மாட்டார்கள். வயிறு முட்டச் சோறும் போடக் கூடாது. சில மணி நேரம் முன்பே லேசான தீனி, நிறையத் தண்ணீர், ஒரு நடை. அது போதும்.

காகிதம் இல்லையேல் பயணம் இல்லை

உள்நாட்டுப் பயணத்துக்கு இரண்டு காகிதம் முக்கியம். ஒன்று, வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்ட அட்டை. பயண நாளில் அது காலாவதி ஆகியிருக்கக் கூடாது. முதல் தடவை போடுவதானால் ஒரு மாதத்துக்கு மேல் முன்னதாகப் போட்டுவிடுங்கள். இரண்டு, பறக்கத் தகுதி உண்டு என்று கால்நடை டாக்டர் கொடுக்கும் சர்டிபிகேட். இது கிளம்புவதற்குச் சில நாள் முன்பு வாங்கியதாக இருக்க வேண்டும்.

கடல் கடந்து போவதானால் கதையே வேறு. பள்ளிக்கரணையில் மத்திய அரசின் விலங்குகள் தனிமைப்படுத்தல் நிலையம் இருக்கிறது. அங்கே சான்றிதழ் வாங்க வேண்டும். அதற்கும் மேலே, போகிற நாட்டின் சட்டம்.

ஐரோப்பிய நாடுகளுக்குப் போக, உடம்பில் சிப் பொருத்தி, தடுப்பூசி போட்டு, 30 நாள் கழித்து ரத்தம் எடுத்துச் சோதித்து, அதற்குப் பிறகும் 3 மாதம் காத்திருக்க வேண்டும். 'விசா வந்துவிட்டது, அடுத்த வாரம் கிளம்புகிறோம்' என்பதெல்லாம் நமக்குத்தான். நாய்க்கு நடக்காது! இங்கிலாந்துக்கு விமானத்தில் போகும் நாய், பூனை சரக்காகத்தான் போய் இறங்க வேண்டும். அமெரிக்காவில் 2024 ஆகஸ்டு முதல், 6 மாதம் நிரம்பாத நாய்க்குட்டி உள்ளே நுழைய முடியாது. இந்தியாவை வெறிநாய்க்கடி அபாயம் அதிகமுள்ள நாடுகளின் பட்டியலில் அவர்கள் வைத்திருப்பதால், நம் நாய்களுக்குக் கெடுபிடி இன்னும் அதிகம். ஆஸ்திரேலியாவுக்கு இந்தியாவிலிருந்து நேராகக் கொண்டு போகவே முடியாது.

ஹாலிவுட் நடிகர் வீட்டு நாய் சிக்கியது!

ஆஸ்திரேலியாவின் கெடுபிடிக்கு ஒரு பிரபல சாட்சி உண்டு. 2015-ம் ஆண்டு ஹாலிவுட் நடிகர் ஜானி டெப், மனைவி ஆம்பர் ஹெர்டு ஆகியோரின் இரண்டு குட்டி நாய்கள் சொந்த விமானத்தில் அங்கே போய் இறங்கின. அதிகாரிகளிடம் சொல்லவில்லை. நாய்களை முடி வெட்டும் கடைக்கு அழைத்துப் போனதில் குட்டு உடைந்தது. "நாய்களை உடனே வெளியேற்று, இல்லாவிட்டால் கொல்லப்படும்" என்று மந்திரியே எச்சரித்தார். நாய்கள் அமெரிக்கா திரும்பின. 2016 ஏப்ரலில் நடிகை கோர்ட்டில் ஏறி, நாட்டுக்குள் வரும் பயணிகள் நிரப்பிக் கொடுக்கும் அட்டையில் தவறான தகவல் கொடுத்ததாகக் குற்றத்தை ஒப்புக் கொண்டார். நன்னடத்தை ஜாமீனில் விட்டார்கள்.

'துணைக்கு' என்று சொல்லி எதையும் ஏற்றிவிடவும் முடியாது. 2018 ஜனவரியில் நியூவார்க் விமான நிலையத்துக்கு ஒரு பெண் மயிலோடு வந்தார்! மன ஆறுதலுக்கான பறவை என்றார். தனி டிக்கெட் வாங்கவும் தயார் என்றார். ஏற்றவில்லை.

நம் ஊரில் இன்னொரு எச்சரிக்கை. வீட்டில் வளரும் பச்சைக்கிளியைக் கூண்டோடு தூக்கிக் கொண்டு விமான நிலையம் போய்விடாதீர்கள். 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வளர்ப்பதே குற்றம். நட்சத்திர ஆமையும் அப்படித்தான்.

அப்பு என்ன ஆனான்?

மறுபடி மீனம்பாக்கம் வாசலுக்கு வருவோம்.

"டிக்கெட் காசு போனா போவுது. அவன் உசிரு முக்கியம்" என்றார் பெரியவர். அம்மாள் கண்ணைத் துடைத்துக் கொண்டு, தண்ணீர் பாட்டிலைத் திறந்து கூண்டுக்குள் ஊற்றினார். அப்பு சளக் சளக்கென்று குடித்தது.

ரெயிலில் வழி இருக்கிறது என்று எடுத்துச் சொன்னோம். முதல் வகுப்பு ஏ.சி.யில் இரண்டு பேர் படுக்கும் கூப்பே முழுவதையும் எடுத்துக் கொண்டால், நாயைக் கூடவே வைத்துக் கொள்ளலாம். ரெயில்வே அதற்கு அனுமதிக்கிறது. பார்சல் ஆபீசில் கட்டணம் கட்டி, தடுப்பூசி அட்டையைக் காட்ட வேண்டும். இரண்டாம் வகுப்பு ஏ.சி., மூன்றாம் வகுப்பு ஏ.சி., சாதாரணப் படுக்கை வகுப்பில் கூடாது.

பத்து நாள் கழித்து அந்தப் பெரியவரிடமிருந்து போன் வந்தது.

"தம்பி, கூப்பே கிடைச்சு ரெயில்ல வந்து சேர்ந்துட்டோம். ரெண்டு ராத்திரி. அப்பு சீட்டுக்கு அடியில நல்லாத் தூங்கிட்டான். குறட்டைதான் தாங்கல!"

பின்னால் ஒரு குரைப்புச் சத்தம் கேட்டது.