குதிரையின் பிளாஸ்மா: குட்டியையும் காக்கும், நம்மையும் காக்கும்

கேமரன் மலைக்கும் குதிரைக்கும் என்ன சம்பந்தம்? கியா பார்மில் வளர்ந்த நான், கால்நடை மருத்துவம் படிக்கப் போய்க் குதிரை மருத்துவத்தில் ஆர்வம் கொண்டபோது ஊர் நண்பர்கள் கேட்ட முதல் கேள்வி இது. சந்தையில் முட்டைக்கோசையும் ஸ்ட்ராபெரியையும், மலைச்சரிவில் தேயிலையையும் பார்த்து வளர்ந்தவர்கள் அப்படிக் கேட்பது இயல்புதான். ஆனால், தேயிலைக் கொழுந்து பறிப்பவரின் உயிருக்கும் எங்கோ ஒரு பண்ணையில் நிற்கும் குதிரையின் இரத்தத்துக்கும் தொடர்பு உண்டு. அதைப் புரிந்துகொள்ள, முதலில் பிறந்த குதிரைக்குட்டியைப் பார்ப்போம்.

முதல் நாள் முக்கியம்

மனிதக் குழந்தை கருவில் இருக்கும்போதே தாயின் நோய் எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடி வழியாக அதற்குக் கிடைத்துவிடுகின்றன. குதிரையின் நஞ்சுக்கொடி அவற்றைக் கடக்க விடுவதில்லை. அதனால் குட்டி ஏறக்குறைய எதிர்ப்பொருளே இல்லாமல் பிறக்கிறது. தாயின் சீம்பால்தான் அதற்கு முதல் கவசம். அதையும் பிறந்த சில மணி நேரத்திற்குள் குடிக்க வேண்டும். எதிர்ப்பொருள்களை உறிஞ்சும் குடலின் திறன் மணிக்கு மணி குறைந்து, சுமார் 24 மணி நேரத்தில் நின்றுவிடும். அதன்பிறகு எவ்வளவு சீம்பால் கொடுத்தாலும் எதிர்ப்பொருள் இரத்தத்தில் சேராது.

எனவே மருத்துவர்கள் முதல் நாளிலேயே குட்டியின் இரத்தத்தைச் சோதிக்கிறார்கள். ஒரு லிட்டர் குருதிநீரில் ஐஜிஜி என்ற எதிர்ப்பொருள் 8 கிராமுக்கு மேல் இருந்தால் கவலையில்லை. 4 கிராமுக்குக் கீழே இருந்தால் ஆபத்து. சாதாரணக் கிருமிகூட இரத்தத்தில் பரவிக் குட்டியைக் கொன்றுவிடலாம். அப்போது கைகொடுப்பது பிளாஸ்மா சிகிச்சை. ஆரோக்கியமான வேறொரு குதிரையின் பிளாஸ்மாவை நரம்பு வழியாக ஏற்றுகிறார்கள். சுமார் 50 கிலோ எடையுள்ள குட்டிக்குப் பொதுவாக 1 முதல் 2 லிட்டர் தேவைப்படும்.

செய்முறையில் பொறுமை வேண்டும். உறைந்த பிளாஸ்மாவை உடல் வெப்பத்தையொட்டிய வெதுவெதுப்பான நீரில் வைத்து இளக்க வேண்டும். கொதிநீரில் போட்டால் அதிலுள்ள புரதம் கெட்டுவிடும். முதல் சில நிமிடங்கள் மெதுவாக ஏற்றி, குட்டியின் இதயத்துடிப்பு, மூச்சு, உடல் வெப்பம் ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். நடுக்கமோ மூச்சிரைப்போ தெரிந்தால் உடனே நிறுத்த வேண்டும்.

கொடுக்கும் குதிரை

எல்லாக் குதிரையும் கொடையாளி ஆக முடியாது. தொற்றுநோய் இல்லாததாகவும், இரத்தப்பிரிவு ஒவ்வாமை உண்டாக்காததாகவும் இருக்க வேண்டும். 500 கிலோ குதிரையின் உடலில் சுமார் 40 லிட்டர் இரத்தம் ஓடுகிறது. குதிரை இரத்தத்துக்கு இன்னொரு வசதியும் உண்டு. அதன் சிவப்பணுக்கள் நாணயங்களை அடுக்கியதுபோல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு விரைவாக அடியில் படிந்துவிடும். மேலே மஞ்சள் நிறப் பிளாஸ்மா தெளிந்து நிற்கும். சிவப்பணுக்களைக் குதிரைக்கே திரும்பச் செலுத்தும் முறையும் இருக்கிறது. அதனால் குதிரைக்கு இரத்தசோகை வருவது குறைகிறது.

குட்டியிலிருந்து மனிதருக்கு

ஓர் உயிரின் எதிர்ப்பாற்றலை இன்னோர் உயிருக்குத் தரலாம் என்பதை 1890இல் பெர்லினில் பெரிங்கும் கிடசாதோவும் காட்டினர். 1901இல் மருத்துவத்துக்கான முதல் நோபெல் பரிசு பெரிங்குக்குக் கிடைத்தது. அதே 1890களில், சைகோனில் பணியாற்றிய பிரெஞ்சு மருத்துவர் கால்மெட் இந்த வழியைப் பாம்புக்கடிக்குப் பயன்படுத்தினார்.

இன்றும் அதே அடிப்படைதான். குதிரைக்கு மிகச் சிறிய அளவில் பாம்பின் நஞ்சைச் செலுத்தி, படிப்படியாகக் கூட்டுவார்கள். குதிரையின் உடல் எதிர்ப்பொருள்களை உருவாக்கும். பிறகு பிளாஸ்மாவை எடுத்துச் சுத்திகரித்தால் அதுவே விஷமுறிவு மருந்து. சென்னைக்கு அருகே வடநெம்மேலியில், 1978இல் தொடங்கப்பட்ட இருளர் கூட்டுறவுச் சங்கம் இதற்கான நஞ்சைச் சேகரிக்கிறது. இருளர் பாம்புபிடி வல்லுநர்கள் மாசி சடையன், வடிவேல் கோபால் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

இதைச் சொன்னபோது, தோட்டத்தில் பல்லாண்டு கொழுந்து பறித்த என் பாட்டி கேட்டார்: "அப்படின்னா ஒரே மருந்து எல்லாப் பாம்புக்கும் போதுமாய்யா?" சரியான கேள்வி. போதாது. இந்திய மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கு பாம்புகளுக்கானது. நம் மலையிலோ 2004இல் தனி இனமாக அறிவியல் பெயர் பெற்ற கேமரன் மலைப் பச்சைக் குழிவிரியன் இருக்கிறது. பச்சை இலைகளுக்கிடையே அதைக் கண்டுகொள்வது எளிதல்ல. மலேசிய மருத்துவமனைகள் இத்தகைய கடிகளுக்குப் பாங்காக்கில் உள்ள ராணி சௌவபா நினைவு நிறுவனத்தின் மருந்துகளைப் பயன்படுத்துகின்றன. அவையும் குதிரைப் பிளாஸ்மாவிலிருந்து வருபவை.

குதிரைப் புரதம் என்பதால் சிலருக்குக் கடும் ஒவ்வாமை வரலாம். அதனால்தான் இம்மருந்தை மருத்துவமனையில், மருத்துவரின் கண்காணிப்பில் ஏற்றுகிறார்கள். பாம்பு கடித்தால் கடிவாயை அறுக்காதீர்கள், உறிஞ்சாதீர்கள், கயிற்றால் இறுக்கிக் கட்டாதீர்கள். மோதிரம், வளையல்களைக் கழற்றி, கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, 999ஐ அழையுங்கள். பாம்பைத் துரத்த வேண்டாம். எட்ட நின்று படம் எடுக்க முடிந்தால், எந்த மருந்து என்று முடிவு செய்ய அது மருத்துவருக்கு உதவும்.

உயிரியலும் வேதியியலும் பிடித்த மாணவர்களுக்கு ஒரு செய்தி. செர்டாங்கில் உள்ள மலேசியப் புத்ரா பல்கலைக்கழகத்திலும், மலேசியக் கிளந்தான் பல்கலைக்கழகத்திலும் கால்நடை மருத்துவம் படிக்கலாம். நாய், பூனைக்கு ஊசி போடுவதோடு இந்தப் படிப்பு முடிந்துவிடுவதில்லை. தோட்டத்தில் பாம்பு கடித்தவருக்கு ஏற்றப்படும் மருந்துக்குப் பின்னாலும், குதிரையை நலமாக வைத்திருக்கும் ஒரு கால்நடை மருத்துவர் இருக்கிறார்.